22 வயசு பிளேன்ல ஏறலாமா?

கேள்வி: அடுத்த மாசம் நான் போகப்போற பிளேனுக்கு 22 வயசுன்னு ஆப்ல காட்டுது. உள்ள சீட்டெல்லாம் புதுசுன்னு ஃப்ரெண்டு சொல்றான். நம்பி ஏறலாமா சார்?

பதில்: தாராளமா ஏறுங்க. ஆனா சீட்டைப் பார்த்து தைரியம் வரவழைச்சுக்காதீங்க, எந்தக் கிழட்டு பிளேனுக்குள்ளயும் புது சீட் போட்டுடலாம். வயசும் பாதிக் கணக்குதான். ஒவ்வொரு தடவை மேல ஏறும்போதும் கேபினுக்குள்ள காத்தழுத்தத்தால பிளேன் உடம்பு லேசா உப்பும், இறங்கினதும் தணியும், இதை சைக்கிள்னு எண்ணுவாங்க, உலோகம் களைச்சுப் போறது இதுலதான். 1988ல ஹவாய்ல அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737க்கு 24,000 அடி உயரத்துல மேல்கூரையே பிச்சுக்கிட்டுப் போச்சு. வயசு 19தான், ஆனா சைக்கிள் 89,000க்கும் மேல! பக்கத்துப் பக்கத்துத் தீவுகளுக்கு நாள் முழுக்க ஏறி இறங்கற ஓட்டம், போதாக்குறைக்கு கடல் காத்து அரிப்பு வேற, தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி ஓட்டைகள்ல இருந்த குட்டி விரிசலெல்லாம் ஒண்ணு சேர்ந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் பழைய பிளேன் செக்கிங் கெடுபிடியாச்சு. இப்ப சில வருஷத்துக்கு ஒருமுறை ஹெவி செக்ல சீட், தரை, சுவர் பேனல் எல்லாத்தையும் கழட்டிட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசலை எடி கரண்ட்ங்கிற மின் சோதனைக் கருவியை ரிவெட் வரிசை மேல நகர்த்தி நகர்த்தித் தேடுவாங்க.

கேள்வி: அப்போ எதுக்குத்தான் பயப்படணும்?

பதில்: மோசமா பார்த்த ரிப்பேருக்கு. சைனா ஏர்லைன்ஸ் போயிங் 747 ஒண்ணு 1980ல வால்பக்கம் ரன்வேல உரசிடுச்சு. கீறல் விழுந்த தகட்டை ஒழுங்கா வெட்டி எடுக்காம மேலயே ஒட்டு போட்டுட்டாங்க. 22 வருஷம் கழிச்சு, 2002ல, நடுவானத்துல உடைஞ்சு 225 பேரும் போயிட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, முன்னாடி எடுத்த போட்டோல அந்த ஒட்டைச் சுத்தி பழுப்புக் கறை இருந்திருக்கு, பயணிகள் அந்தக் காலத்துல விட்ட சிகரெட் புகை கசிஞ்ச தடம் அது. பார்த்தவங்க யாராவது ஏன்னு கேட்டிருந்தா!

கேள்வி: ஒழுங்கா பராமரிச்சா எவ்வளவு நாள் வேணா ஓட்டலாமா?

பதில்: அதுக்கும் எல்லை இருக்கு. ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை சைக்கிள் அல்லது இத்தனை மணி நேரம் வரைதான்னு வரம்பு வச்சிருக்காங்க. ஆனா பல பிளேன் அதுவரைக்கும் போறதே இல்ல, புது இன்ஜின் குடிக்கிற எரிபொருள் கம்மி, பழசுக்கோ ஒவ்வொரு செக்லயும் புதுசா ஏதாவது வேலை கிளம்பும். அடுத்த ஹெவி செக் தேதி நெருங்கும்போது கணக்குப் பார்த்துட்டு கம்பெனியே இன்ஜினைக் கழட்டி வித்துட்டு மிச்சத்தை ஓரங்கட்டிடும்.