பக்க எண் இல்லையா? பாட்டு எண் இருக்கிறதே!

கேள்வி: சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். குறுந்தொகையை மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்நூல் தொகுப்பின் இணையப் பதிப்பில் படித்தேன், ஒரு திறனாய்வு நூலைக் கிண்டிலில் வாங்கினேன், ஓர் உரையை யூடியூபில் கேட்டேன். எதிலும் பக்க எண் இல்லை. பக்கம் போடாத மேற்கோள் செல்லாது என்கிறார் நெறியாளர். திரையில் தெரியும் பக்கத்தை எண்ணிப் போட்டுவிடட்டுமா?
— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே உங்கள் 58ஆம் பக்கம் இன்னொருவர் போனில் 90 ஆகிவிடும், அந்த எண்ணை நம்பித் தேடிப் போகிறவர் அப்படி ஒரு வரியே இல்லை என்றுதானே நினைப்பார்? நானும் மாணவியாக இருந்தபோது, அச்செடுத்த தாளின் எண்ணையே பக்க எண்ணாகப் போட்டுவிட்டு, வாய்மொழித் தேர்வில் அந்த இடத்தை எடுத்துக் காட்ட முடியாமல் நின்றிருக்கிறேன்.

சங்கப் பாட்டுக்குக் கவலையே வேண்டாம். ‘செம்புலப் பெயல்நீர்’ வரிக்குக் குறுந்தொகை 40:4 என்று எழுதுங்கள், யார் பதிப்பைத் திறந்தாலும் அது நாற்பதாம் பாட்டின் நான்காம் அடிதான், பக்க எண்ணைவிட இது உறுதியானது. குறளுக்குக் குறள் எண், சிலம்புக்குக் காதையும் அடியும். தொல்காப்பியத்தில் மட்டும் கவனம்: நூற்பா எண் உரைக்கு உரை மாறும், இளம்பூரணர் உரையா நச்சினார்க்கினியர் உரையா என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறும் பாடவேறுபாடும் உண்டு என்பதால், மேற்கோளை ஓர் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அல்சூரில்தானே இருக்கிறீர்கள், தமிழ்ச் சங்க நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, கிண்டில் நூல். மேற்கோள் காட்ட உங்கள் பல்கலைக்கழகம் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையைக் கேட்கிறதா, எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம்) முறையையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டும் இங்கே முட்டிக்கொள்கின்றன. ஏபிஏ ஏழாம் பதிப்பில் இயல் அல்லது உட்தலைப்பைச் சொல்லி, அதற்குள் எத்தனையாவது பத்தி என்று நீங்களே எண்ணிப் போடலாம், பக்க எண்ணுக்குப் பதிலாகக் கிண்டில் காட்டும் லொகேஷன் எண் மட்டும் கூடாது. எம்எல்ஏயில் நூலே பத்திக்கு எண் கொடுத்திருந்தால்தான் போட வேண்டும், நாமாக எண்ணக் கூடாது; இயல் எண் இருந்தால் அதைத் தரலாம். இந்த விதியை நெறியாளரிடம் கையேட்டோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். யூடியூப் உரைக்கு, அந்த வாக்கியம் தொடங்கும் நிமிடமும் நொடியும், 12:40 என்பதுபோல.

அப்புறம், ஸ்கேன் செய்த பிடிஎஃப் கிடைத்தால் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணைப் போடுங்கள், கணினி மேலே காட்டும் எண்ணை அல்ல. அட்டையையும் முன்னுரையையும் சேர்த்து எண்ணுவதால் அது பல பக்கம் தள்ளி நிற்கும்.