வீட்டில் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வை எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது?

கேள்வி கேட்டவர் 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில், எட்டு அங்குல ஸ்பீக்கர் போட்டு இரண்டு பெட்டி செய்திருக்கிறார். செய்தி வாசிக்கும் ஆண் குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல் கேட்கிறதாம். பக்கப் பலகையில் கை வைத்தால் குறுகுறுக்கிறதாம். உள்ளே பஞ்சு அடைத்தும் போகவில்லை என்கிறார்.

பஞ்சுக்குப் போகாது. நானும் மட்டக்களப்பு கல்லடியில் அதே 12 மில்லிமீற்றரில், அதே எட்டு அங்குலத்தில் இரண்டு பெட்டி செய்து, அதே குடத்துக் குரலோடு ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டியவன். உயரம் 75 சென்ரிமீற்றர், ஆழம் 38. பதினெட்டு மில்லிமீற்றர் பலகையின் விலையைக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு இறங்கியவன் நான்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பலகை அறுத்துத் தந்த ஓடாவி மாமாவிடம் சொன்னபோது, "மகன், கதவுக்கு அடிக்கிற மாதிரி நடுவில ஒரு குறுக்குச் சட்டம் அடி, அடங்கிரும்" என்றார். இடது பெட்டியில் அடித்தேன். அடங்கவில்லை. ஏன் அடங்கவில்லை என்று பார்க்கப்போய்த்தான் அளக்கவே தொடங்கினேன்.

முதலில் கிறுகிறுப்பையும் அதிர்வையும் பிரித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, 40 ஹேர்ட்ஸில் (அதாவது செக்கனுக்கு 40 அதிர்வு) இருந்து 400 வரை மெல்ல ஏற்றுங்கள். ஓர் இடத்தில் மட்டும் 'ஜிர்ர்' என்று வந்தால் அது எங்கோ தளர்ந்துபோன ஒரு சாமான். எங்கே என்று கண்டுபிடிக்க எங்கள் ஊர் வழி ஒன்று இருக்கிறது. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துத்தானே பாடும் மீனைக் கேட்பார்கள்? நான் அகப்பைக் காம்பை எடுத்தேன். ஒரு முனை பெட்டியில், மறுமுனை காதுக்கு முன்னால் உள்ள எலும்பில். பின்பக்க வயர் தகட்டின் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. உள்ளே வயர் ஒன்று பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கிறுகிறுப்பு பெட்டியிலேயே இல்லை, அம்மாவின் ஷோகேஸ் கண்ணாடியில். இவை போனபிறகு மிச்சம் இருப்பதுதான் பலகையின் அதிர்வு.

அளப்பதற்குப் போனே போதும் என்று பலர் சொல்வார்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் செய்த ஃபைபொக்ஸ் என்ற இலவசச் செயலி நல்லதுதான். ஆனால் பெரும்பாலான போன்களின் அதிர்வு உணரி ஒரு செக்கனுக்கு 100 முதல் 500 தடவைதான் அளக்கும், அதில் பாதி அதிர்வெண் வரைதான் நம்பலாம். உங்கள் சிக்கல் 200க்கு மேலே இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே அது சரிவராது.

பழைய பசர் ஒன்றை உடைத்தால் உள்ளே பித்தளை வட்டத் தகடு ஒன்று இருக்கும், அதுதான் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியசோ தகடு. டவுனில் ரேடியோ திருத்துகிற கடைகளில் கேட்டாலும் தருவார்கள். இரட்டைப் பக்க டேப்பால் பலகையில் ஒட்டி, உறையிட்ட வயரில் கொம்பியூட்டருக்குக் கொண்டுபோங்கள். மைக் துளையில் நேராகச் செருகினால் தாழ்ந்த சத்தமெல்லாம் காணாமல் போகும். தகட்டின் மின் கொள்ளளவம் 20 நானோஃபரட் அளவில் இருக்கும், துளையின் தடை 10 கிலோ ஓம் என்றால் 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். கிட்டார் செருகும், ஒரு மெகா ஓம் தடையுள்ள துளை இருந்தால் 8 ஹேர்ட்ஸ் வரை தாங்கும். லப்டொப்பை சார்ஜரில் இருந்து கழற்றிவிடுங்கள். வரப்போகும் படத்தில் 50இலும் 100இலும் தெரியும் சிகரம் பெட்டியுடையதல்ல, கரண்டுடையது. பிறகு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் 20 முதல் 1000 வரை ஏறிக்கொண்டே போகும் ஒலியை, அதாவது ஒரு ஸ்வீப்பை, ஓடவிட்டால் எந்த அதிர்வெண்ணில் பலகை எவ்வளவு அதிர்கிறது என்ற படம் வந்துவிடும். தகட்டைப் பலகையின் நட்டநடுவில் ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி ஒட்டுங்கள், சில அதிர்வுகளுக்கு நடுப்பகுதி அசையாது.

சட்டம் அடிக்காத என் வலது பெட்டியில் இரண்டு சிகரங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தன, 215இலும் 240இலும். இரண்டும் பலகை என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டால் 240 காற்றுடையது. உள் உயரம் 72.6 சென்ரிமீற்றர். எங்கள் சூட்டில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும். அரை அலை அந்த உயரத்துக்குள் அடங்குவது 240 ஹேர்ட்ஸில்தான். பழைய தலையணையைக் கிழித்துப் பஞ்சை உள்ளே வைத்ததும் 240 அமுங்கியது, 215 அசையவில்லை. விரல் மொழியால் பலகையைத் தட்டிப் பதிந்து பார்த்தபோதும் 215தான். பஞ்சு காற்றுக்கு வைத்தியம், பலகைக்கு அல்ல.

இந்த இயந்திரமெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு பிடி மணல் போதும். எனக்கு இதுதான் பிடித்த அளவீடு. கடற்கரை மணலைக் காயவைத்து அரித்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஸ்பீக்கர் வாயை மெல்லிய சீலையால் மூடிவிட்டு, மேலே வந்த பலகையில் மணலைத் தூவுங்கள். 215ஐக் கொடுத்து மெல்ல ஒலியைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் நடுவில் உள்ள மணிகள் துள்ளத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். ஜெர்மனிய இயற்பியலாளர் கிளாட்னி 1787இல் வெளியிட்ட மணல் கோலங்களின் தம்பிதான் இது. மணல் துள்ளுகிறது என்றால் பலகையின் முடுக்கம் புவியீர்ப்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 215 ஹேர்ட்ஸில் அதற்கு வேண்டிய அசைவு வெறும் 5 மைக்ரோமீற்றர், தலைமயிர்த் தடிப்பில் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மணல் துள்ளத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீற்றரை வைத்து ஏசி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 2.1 வந்தது. பலகையைத் திருத்திய பிறகு அதே மணலைத் துள்ளவைக்க எத்தனை வோல்ட் வேண்டும் என்று பாருங்கள். கூடினால் வெற்றி. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் செய்யாதீர்கள்.

இனி ஓடாவி மாமாவின் குறுக்குச் சட்டம். அது அடித்த இடது பெட்டியில் சிகரம் 290இல் நின்றது. 215இல் இருந்து 290, அவ்வளவுதான். காரணம் எளிது. பலகையின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அதன் குறுகிய பக்கம். 75க்கு 38 பலகையைக் குறுக்கே வெட்டினால் 75தான் குறைகிறது, 38 அப்படியே இருக்கிறது. சட்டத்தை நெடுக்காக, மேலிருந்து கீழாக வைத்தால் 38 பாதியாகும், கணக்கின்படி அதிர்வெண் மூன்று மடங்கு வரை ஏறும். சரி நடுவில் வைக்காதீர்கள், 20க்கும் 18க்குமாகப் பிரியட்டும், இல்லாவிட்டால் இரண்டு பாதியும் ஒரே சுருதியில் பாடும். சட்டத்தைப் படுக்கையாக அல்ல, விளிம்பில் நிறுத்தி ஒட்டுங்கள். முதிரைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம், எதிர்எதிர்ச் சட்டங்களை ஒரு கட்டையால் இணையுங்கள். உள்ளே அழுத்தம் கூடும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும், இணைத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். குறுக்குச் சட்டத்தைப் பெயர்த்துவிட்டு இப்படிச் செய்தபோது இடது பெட்டி 480க்குப் போனது. சட்டமும் கொஞ்சம் வளையும் என்பதால் முழு மூன்று மடங்கு வரவில்லை.

வலது பெட்டியில் சட்டமே வைக்காமல் தார்த் தகடு ஒட்டினேன், கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற அதே பொருள். பங்குனி வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் இளகிவிடும். பலகையின் நடுப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கை மூடி, மூன்று அடுக்கு. எடை கூடியதால் சிகரம் 205க்கு இறங்கியது, ஆனால் மணலைத் துள்ளவைக்க இப்போது 7 வோல்ட் வேண்டியிருந்தது. 2.1 எங்கே, 7 எங்கே? பத்து டெசிபெல்லுக்கு மேல்.

கேட்டுப் பார்த்தால் இரண்டிலும் குடம் போய்விட்டது. ஆனால் சட்டம் மட்டும் உள்ள இடது பெட்டியில் நாதஸ்வரத்தில் ஒரு மரத்தனம் வந்தது. அதிர்வு போகவில்லை, காது கூர்மையாகக் கேட்கிற இடத்துக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு 1977இல் வெளியிட்ட பெட்டி வடிவமைப்பு அறிக்கையும் தடித்த பலகையைவிட, நன்றாக அடக்கிய மெல்லிய பலகையின் பக்கம்தான் நிற்கிறது. அவர்களுடைய எல்எஸ்3/5ஏ பெட்டி 12 மில்லிமீற்றர் பேர்ச் மரப் பிளைவுட்தான். ஆகவே நீங்கள் 12இல் செய்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் பெட்டிக்கு முதலில் தார், பிறகு நெடுக்குச் சட்டம். தாழ்ந்த சத்தத்துக்கு மட்டுமான சப் வூஃபர் பெட்டியென்றால் நேர்மாறு. அது 80 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதால் சட்டங்களால் அதிர்வை 300க்கு மேல் தள்ளிவிட்டால் அதைத் தூண்ட ஆளே இல்லை.

ஸ்பீக்கர் சட்டகத்துக்கும் பலகைக்கும் இடையிலும், பெட்டிக் கால்களுக்கு அடியிலும் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வையுங்கள், டைல் தரையில் நகராமலும் இருக்கும். மார்கழி மழை முடிந்ததும் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஈரத்தில் ஊதிய பலகை காயும்போது சுருங்கி, திருகாணியைத் தளரவிடும். போன தையில் எனக்கு மறுபடி அகப்பைக் காம்பை எடுக்க வேண்டி வந்தது, அதே வயர் தகடு.