நெதர்லாந்துக்காரர்கள் வேலையையும் கணினியையும் அரசாங்கத்தையும் எப்படிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: நெதர்லாந்தில் குறைந்த நேரம் வேலை பார்த்தும் வசதியாக வாழ்கிறார்கள், எல்லாம் கணினிமயமாகிவிட்டது, அரசாங்கத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை அதிகம் என்றெல்லாம் சொல்கிறார்களே, இது எந்த அளவுக்கு உண்மை? அங்குள்ள சாதாரண மக்கள் இவற்றைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

பதில்: நான் ஐந்தோவன் நகரை ஒட்டிய பகுதியில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். என் குழுவில் பாதிப் பேர் இந்நாட்டவர். அவர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பழகியதையும், இங்கே செய்திகளில் தொடர்ந்து அடிபடும் விவகாரங்களையும் வைத்து எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் இம்மக்களின் போக்கு பிடிபடாது. விதிகளுக்கு அடங்கி நடப்பவர்கள் என்று இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. நான் கண்டவரையில், விதியைப் போட்டவரோடு உட்கார்ந்து பேச முடியும், வேண்டுமானால் எதிர்த்து வாதாடவும் முடியும் என்ற நிலை இருக்கும் வரைதான் அடங்கி நடக்கிறார்கள். வேலை நேரம், கணினி, வரித்துறை என எதை எடுத்துக்கொண்டாலும் அவர்கள் கையில் இருப்பது இந்த ஓர் அளவுகோல்தான்.

முதலில் வேலை நேரம். ஐரோப்பாவிலேயே பகுதிநேர வேலை மிகுதியாக உள்ள நாடு இது. வேலை பார்ப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முழுநேரத்துக்குக் குறைவாகவே பார்க்கிறார்கள். சராசரி எடுத்தால் வாரத்துக்கு 32 மணி நேரம் வரும். பகுதிநேரம் என்றதும் நம் ஊரில் நிரந்தரமற்ற, மதிப்புக் குறைந்த வேலைதான் நினைவுக்கு வரும். இங்கே 28 மணி நேர ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் விடுப்பு, பெரும்பாலும் மே மாதத்தில் கைக்கு வரும் 8 சதவீத விடுமுறைப் படி எல்லாம் அவர் நேரத்துக்கேற்ற விகிதத்தில் உண்டு. இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், 1982 நவம்பரில், ஹேக் நகரை அடுத்த வாசெனாரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சங்கங்கள் சம்பள உயர்வுக் கோரிக்கையைத் தளர்த்திக்கொள்ளும், அதற்கு ஈடாக வேலை நேரம் குறைக்கப்பட்டு இருக்கும் வேலை பலருக்கும் பகிரப்படும் என்பது அதன் சாரம். சங்கத் தரப்பில் முன்னின்ற விம் கோக்தான் பின்னர் 1994 முதல் 2002 வரை பிரதமராக இருந்தார். 2000ஆம் ஆண்டுச் சட்டமும் 2016இல் அதன் இடத்துக்கு வந்த விரிவான சட்டமும் இதற்கு மேலும் வலுச்சேர்த்தன. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் அரையாண்டு பணியாற்றிய எவரும் தம் வேலை நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கலாம். வலுவான காரணமில்லாமல் நிறுவனம் அதை மறுக்க முடியாது.

என் குழுவில் இரண்டு சிறு பிள்ளைகளின் தகப்பனார் ஒருவர் இருக்கிறார். தொடக்கப் பள்ளிகள் பல புதன்கிழமை நண்பகலோடு முடிந்துவிடுவதால், புதன்கிழமை அவருக்குப் பிள்ளைகளின் நாள். ஒருமுறை வாடிக்கையாளரிடம் மென்பொருளை ஒப்படைக்க வேண்டிய தேதி புதன்கிழமையில் வந்து விழுந்தது. பல வாரங்களுக்கு முன்பே அவர் அதைச் சுட்டிக்காட்டினார். செவ்வாய் மாலைக்குள் தம் பங்கை முடித்தார். எந்தப் பகுதியில் சிக்கல் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போனார். மேலாளர் முகம் சுளிக்கவில்லை. அவர் சம்பளம் வாங்குவது நான்கு நாள்களுக்கு, நான்கு நாள் வேலையைச் செய்து கொடுத்துவிட்டார் என்பதோடு பேச்சு முடிந்தது. அதே மனிதர் அலுவலகத்தில் இருக்கும்போது அரட்டைக்கு நிற்கமாட்டார். பன்னிரண்டரை மணிக்கு இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் பாலாடைக்கட்டி, ஒரு குவளைப் பால். அரை மணியில் மீண்டும் இருக்கைக்கு வந்துவிடுவார். இரவு ஏழு மணிக்கும் கணினி முன் உட்கார்ந்திருப்பவரை இங்கே உழைப்பாளி என்று மெச்சுவதில்லை. திட்டமிடத் தெரியாதவரோ, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்றுதான் யோசிக்கிறார்கள்.

இதைச் சொர்க்கமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பகுதிநேரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தை பிறந்ததும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது அநேகமாகத் தாய்தான். பதவி உயர்வும் ஓய்வூதியமும் அதற்கேற்ப அடிவாங்குகின்றன. ஆசிரியர்களும் செவிலியர்களும் போதாமல் திண்டாடும் நாட்டில், எல்லோரும் வாரத்துக்கு இன்னும் சில மணி நேரம் கூடுதலாக உழைத்தால் என்ன என்ற கேள்வி அரசியலில் அடிக்கடி எழுகிறது. மதிய உணவு மேசையில் அதற்குக் கிடைக்கும் பதில் எப்போதும் கணக்கு வடிவில்தான் வரும்: குழந்தைக் காப்பகக் கட்டணத்தையும் வரியையும் கழித்தால் ஐந்தாம் நாள் உழைப்பில் கையில் என்ன மிஞ்சும்?

நோய் விடுப்பிலும் இதே மாதிரி வரம்பு உண்டு. என்ன நோய் என்று மேலாளர் கேட்கக் கூடாது. எப்போது திரும்பக்கூடும், கைவசமுள்ள வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் கேட்கலாம். மற்றதெல்லாம் நிறுவன மருத்துவரோடு. இரண்டாண்டுகள் வரை சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதத்தை முதலாளி தர வேண்டும். ஐந்தாறு பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் இதைப் பெருஞ்சுமை என்று புலம்புகிறார்கள்; அதில் நியாயம் இருக்கிறது.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, அன்றாட வாழ்க்கையில் கணினி நுழையாத மூலை இல்லை. வரிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என எல்லாவற்றுக்கும் டிஜிடி என்ற ஒரே நுழைவு அடையாளம் போதும். இணையத்தில் பொருள் வாங்கினால், 2005இல் வந்த ஐடீல் முறையில் வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் போய்விடும். ரொக்கத்தை வாங்கவே மறுக்கும் கடைகளும் உண்டு. ஆனால், இத்தனையும் கணினியில் செய்யும் மக்கள் தேர்தலில் வாக்களிப்பது சிவப்புப் பென்சிலால்.

2006 வரை பெரும்பாலான ஊர்களில் வாக்குப்பதிவு எந்திரங்கள்தாம் இருந்தன. அந்த ஆண்டு ராப் கோங்க்ரைப் என்ற கணினி வல்லுநரும் அவருடைய தோழர்களும் நேடாப் நிறுவன எந்திரம் ஒன்றின் மென்பொருளை மாற்றிக் காட்டினார்கள்; அதையே சதுரங்கம் ஆடவும் வைத்தார்கள். விவகாரம் தொலைக்காட்சிக்கு வந்து பெரிதாகி, 2008இல் அரசு காகிதத்துக்கே திரும்புவதென முடிவெடுத்தது. இந்திய வாக்கு எந்திரத்தை ஆராய்ந்து 2010இல் அதன் பலவீனங்களை வெளியிட்ட குழுவில் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோருடன் இருந்தவரும் இதே கோங்க்ரைப்தான்.

ஐந்தாண்டுகள் சட்டப்படி வசித்த வெளிநாட்டவருக்கு நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பதால் நானும் அந்தப் பென்சிலைப் பிடித்திருக்கிறேன். வாக்குச்சீட்டை விரித்தால் மறைப்புக்குள் இருக்கும் சிறு மேசைக்கு வெளியே தொங்குகிறது; கட்சிக்கொரு நெடுவரிசையாக வேட்பாளர் பெயர்கள். வேண்டிய பெயருக்கு முன்னுள்ள வெள்ளைப் புள்ளியைச் சிவப்பாக்கி, தாளை மடக்கி மடக்கிச் சிறிதாக்கி, தெருவில் காணும் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைப் போலவே இருக்கும் பெட்டிக்குள் திணிக்க வேண்டும். சாவடி மூடிய பிறகு சீட்டுகளை எண்ணுவதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் தேர்தல்தோறும் சாவடிப் பணிக்குப் போவார். எந்திரம் இருந்தால் அரை மணியில் வேலை முடிந்துவிடுமே என்று அவரிடம் கேட்டேன். "முடியும். ஆனால் எண்ணிக்கை தப்பு என்று நீங்கள் வந்து நின்றால், உங்களுக்கு நான் எதை எடுத்துக் காட்டுவேன்?" என்றார். வாழ்நாளெல்லாம் மின்சுற்றுகளோடு குடித்தனம் நடத்தியவர் அவர். எந்திரத்தின் மீது அவருக்கு வெறுப்பு ஏதுமில்லை.

அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்நாடு குழந்தைக் காப்பக உதவித்தொகை விவகாரத்தில் பார்த்தது. நாட்டு நடப்பைப் பற்றி இவர்கள் பேசும்போது மற்ற எதையும்விட இதுதான் கசப்போடு வெளிவருகிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காப்பகச் செலவில் ஒரு பகுதியை அரசு தருகிறது; அப்போது அதை வழங்கியது வரித்துறை. 2013இல் அரசின் உதவித்தொகைகளை ஏமாற்றிப் பெற்ற பல்கேரிய மோசடிக் கும்பல் ஒன்றைப் பற்றிய செய்தி கொதிப்பைக் கிளப்பிய பிறகு கண்காணிப்பு கடுமையானது. படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலோ, பெற்றோர் கட்ட வேண்டிய சிறு தொகை பாக்கி இருந்தாலோ, ஆண்டு முழுவதற்குமான உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் யூரோ என்று எழுதிய கடிதம், வரித்துறைக்கே உரிய நீல உறையில், மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு வரும். எந்த விண்ணப்பத்தைத் துருவிப் பார்ப்பது என்று மதிப்பெண் போட்ட கணினி, விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா என்பதையும் ஓர் ஆபத்துக் காரணியாக எடுத்துக்கொண்டது. மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்பது கோப்பைக் கையில் வாங்கிய அதிகாரிக்கே தெரியாது. மேல்முறையீடு செய்தவர்களுக்கு நிர்வாக நீதிமன்றங்களும் 2019 வரை கைகொடுக்கவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. வீடு இழந்தவர்கள் உண்டு. பிள்ளைகளை அரசுக் காப்பில் பறிகொடுத்தவர்களும் உண்டு.

பீட்டர் ஓம்ட்சிக்ட், ரென்ஸ்கே லைட்டன் என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்களும் சில பத்திரிகையாளர்களும் விடாமல் துருவியதால் விஷயம் வெளியே வந்தது. ஒருவர் வலதுசாரிச் சாய்வுள்ள கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், மற்றவர் இடதுசாரி. ஓம்ட்சிக்டின் கட்சி ஆளுங்கூட்டணியிலேயே இருந்தது. 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டேவின் அமைச்சரவை ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. விலகலை மன்னரிடம் தெரிவிக்கப் பிரதமர் மிதிவண்டியில் அரண்மனைக்குப் போன படத்தை நம் ஊரில் எளிமையின் சின்னமாகப் பகிர்ந்தார்கள். இங்கே என் சக ஊழியர்களுக்கு மிதிவண்டி ஒரு பொருட்டே இல்லை. அடுத்த தேர்தலில் அவரே மறுபடி பிரதமரானதுதான் அவர்களை உறுத்தியது, அவருக்கு வாக்களித்தவர்கள் உட்பட.

இதன் பிறகு மக்களின் கவனம் கூர்மையாகியிருக்கிறது. உதவித்தொகை மோசடியைக் கண்டுபிடிக்கப் பல துறைகளின் தரவுகளைக் கலந்து பார்த்த சிரி என்ற முறை, தனிமனித வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று 2020 பிப்ரவரியிலேயே ஹேக் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2022 டிசம்பரில், அரசு அலுவலகங்கள் பயன்படுத்தும் கணிப்பு நிரல்களை யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. அண்மைக் காலத்தில் பேச்சு அமெரிக்க நிறுவனங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. அரசின் கோப்புகளும் மின்னஞ்சலும் கடல் கடந்த நிறுவனங்களின் கணினிகளில் இருக்கலாமா என்று நாடாளுமன்றம் 2025 மார்ச்சில் விவாதித்து, அந்தச் சார்பைக் குறைக்கச் சொல்லித் தீர்மானங்களை நிறைவேற்றியது. டிஜிடி இயங்கும் சேவையகங்களைக் கவனிக்கும் நிறுவனத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்கப்போவதாக அதே ஆண்டு நவம்பரில் அறிவிப்பு வந்ததும், கணினியைப் பற்றி வாய் திறக்காதவர்கள்கூட மதிய உணவின்போது அதைப் பற்றிப் பேசினார்கள்.

எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது: முடிவுகள் இழுத்துக்கொண்டே போகின்றன. பண்ணைகளும் வாகனங்களும் வெளிவிடும் நைட்ரஜன் பற்றிய அரசின் திட்டத்தை 2019 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டுமான அனுமதிகள் முடங்கின. நெடுஞ்சாலைகளில் பகல் நேர வேகம் 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. உழவர்கள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குள் புகுந்தார்கள். சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. மின்கட்டமைப்பு நிரம்பிவிட்டதால் புதிய இணைப்புக்காகக் காத்திருக்கும் தொழிற்கூடங்கள் ஏராளம். வீடுகளின் பற்றாக்குறை சுமார் 4 லட்சம். 2023 தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் தலைவரான வில்டர்ஸின் கட்சி 37 இடங்களோடு முதலிடம் பிடித்ததற்குக் குடியேற்ற எதிர்ப்பைப் போலவே வீடு கிடைக்காத எரிச்சலும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அக்கட்சி சேர்ந்து அமைத்த கூட்டணி அரசு ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2025 அக்டோபர் தேர்தலில் தாராளவாதக் கட்சியான டி66, வில்டர்ஸின் கட்சி இரண்டுமே தலா 26 இடங்கள் பெற்றன.

இந்த எரிச்சலில் நம்மைப் போன்றவர்களுக்கும் பங்கு வருகிறது. கணினிச் சில்லு தயாரிக்கும் எந்திரங்களைச் செய்யும், பக்கத்து ஊரான வெல்ட்ஹோவனில் உள்ள ஏஎஸ்எம்எல் போன்ற நிறுவனங்களுக்கு வெளிநாட்டுப் பொறியாளர்கள் தேவை. அவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதிக்குச் சில ஆண்டுகள் வரிச்சலுகையும் உண்டு. தம் மகனுக்கு இந்த வட்டாரத்தில் வீடு வாங்க முடியாமல் போனதற்கு அந்தச் சலுகையும் ஒரு காரணம் என்று பக்கத்து வீட்டு அம்மையார் என் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டுக் காப்பியும் ஊற்றிக் கொடுத்தார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லத் தெரிந்தால் இங்கே உறவு நிலைக்கும். நான் சொன்ன பதிலில் பாதியை அவர் ஏற்கவில்லை, அதன் பிறகும் என்னைக் கண்டால் நின்று பேசாமல் போனதில்லை.

நீங்கள் வேலைக்காக இங்கு வரும் எண்ணத்தில் கேட்டிருந்தால், சம்பளத்தைப் பேசுவதற்கு முன் வீட்டு விஷயத்தை நிறுவனத்திடம் பேசுங்கள். நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய இடந்தரும் வீடா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீண்ட நாள் தங்க வருபவருக்கு அந்தப் பதிவின்போதுதான் குடிமக்கள் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் டிஜிடி கிடையாது, மருத்துவக் காப்பீடு எடுப்பதும் சிரமம்.