மாயா பஜார்: கேளுங்கள், சொல்கிறேன்

போன இதழில், தமிழில் வந்த மாயப் படங்களில் 1957-இன் ‘மாயா பஜார்’ படத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். தபாலிலும் மெயிலிலுமாக வந்து குவிந்துவிட்டன கேள்விகள். அதனால் இந்த வாரம் வேறு எதுவும் இல்லை, முழுக்க மாயா பஜார்தான்.

கேள்வி: ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். “தாத்தா, அந்தக் காலத்திலேயே கிராபிக்ஸ் இருந்ததா?” என்கிறான். லட்டெல்லாம் தானாக வாய்க்குள் போவதை எப்படி எடுத்தார்கள்? (சேலம் வாசகர்)

கம்ப்யூட்டர் என்பதைப் பெரும்பாலானோர் கண்ணால்கூடப் பார்த்திராத காலம் அது. எல்லாமே கேமராவுக்குள்ளும் தளத்திலும் நடந்த வேலை. டைட்டில் கார்டில் ‘தந்திரக் காட்சிகள்’ என்று போடுவார்களே, அந்தத் தந்திரத்துக்கு அன்று கையில் இருந்த சாமான்கள் ரொம்பக் கொஞ்சம். முதலாவது ஸ்டாப் பிளாக். கேமராவை அசையாமல் நிறுத்தி வைத்து, ஓட்டத்தை நிறுத்தி, பாத்திரத்தில் இருக்கும் சோற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் திரையில் சோறு கண் இமைக்கும் நேரத்தில் மாயம். இரண்டாவது, ஒவ்வொரு பிரேமாக எடுப்பது: பொருளை ஓர் அங்குலம் நகர்த்து, ஒரு பிரேம் எடு, மறுபடி நகர்த்து. மூன்றாவது, பிலிமைப் பின்னோக்கி ஓட்டிப் படம் பிடிப்பது. நான்காவது மாஸ்க். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பிலிமைச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, மறைத்த பாதியில் இன்னொன்றை எடுப்பது. ஒருவனை மலை மாதிரியும் பக்கத்தில் இருப்பவனைச் சுண்டெலி மாதிரியும் ஒரே சட்டத்தில் காட்ட இது ஒரு வழி. இதில் எங்கேயாவது ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் மானிட்டரில் உடனே பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது. பிலிம் லேப்புக்குப் போய்க் கழுவி வந்த பிறகுதான் தலையில் கை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பேரனிடம் இதை எல்லாம் சொல்லுமுன் இன்னொன்றைக் காட்டுங்கள். கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் அந்த லட்டைப் பார்க்கும் பார்வை. எதிரில் வெறும் தட்டு இருந்ததோ, கயிறு இருந்ததோ, யார் கண்டது? அவர் முகத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்ட ஒருவரின் சந்தோஷம் இருக்கிறது. அதனால்தான் லட்டு பறப்பதை நாம் நம்புகிறோம். தந்திரம் அரை பங்கு என்றால் ரங்காராவ் அரை பங்கு, பாட்டைப் பாடிய திருச்சி லோகநாதனின் அந்த ‘ஹஹ்ஹஹா’ கொசுறு. (அந்தச் சிரிப்பு மெட்டில் 1922-இல் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலப் பாடகர் இசைத்தட்டில் பாடிய ‘தி லாஃபிங் போலீஸ்மேன்’ பாட்டின் சாயல் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.)

கேள்வி: வியாச பாரதத்தில் வத்சலா என்று ஒருத்தியே இல்லை என்கிறார் எங்கள் தமிழாசிரியர். அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? (கோவில்பட்டி வாசகி)

ஆசிரியர் சொல்வது சரி. பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராடனின் மகள் உத்தரையை. பலராமன் மகள் கல்யாணம் என்பது கூத்து மேடையிலும் நாடகத்திலும் மக்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட கதை. தெலுங்கில் அவள் பெயர் சசிரேகா, நமக்கு வத்சலா. ஆந்திரத்தின் சுரபி நாடகக் குழுவினர் மேடையிலேயே கம்பி, கயிறு, திரை என்று வைத்துக்கொண்டு இதைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வருகிறார்கள். 1930களிலேயே சினிமாவாகவும் வந்துவிட்டது. ஆக, இயக்குநர் கே.வி. ரெட்டி கையில் எடுத்தபோது இது எல்லோருக்கும் மனப்பாடமான கதை.

கூத்துக்காரர்கள் கதை சேர்த்தால் எப்படிச் சேர்ப்பார்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சி. பாண்டவர்களைப் பற்றிய கதை, ஆனால் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை! சூதில் எல்லாம் போச்சு என்ற செய்தி மட்டும் வருகிறது. மிச்சமெல்லாம் அந்தச் செய்தி கேட்டு உறவுக்காரர்கள் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதுதான். “என் பெண்ணை உன் பையனுக்குத் தருகிறேன்” என்று தங்கை சுபத்திரைக்கு வாக்குக் கொடுத்தவர் பலராமர். சொத்து போனதும் அவர் மனைவி ரேவதிக்கு அந்த வாக்கு கசக்கிறது, துரியோதனன் மகன் லட்சுமண குமாரன் இனிக்கிறான். இது துவாரகையில் மட்டுமா நடக்கிறது? நம் தெருவில் நடக்காததா?

கேள்வி: அதெல்லாம் சரி. என்ன இருந்தாலும் அது ஒரு குழந்தைகள் படம்தானே, இத்தனை அலசல் தேவையா? (மதுரை வாசகர்)

குழந்தைகள் படம் என்றால் அலசக் கூடாதா, என்ன? சரி, ஒரே ஒரு காட்சியை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். உங்களுக்கே பிடிபடும்.

படத்தின் ஆரம்பத்தில் சிறுமி வத்சலாவுக்குப் பிறந்தநாள். ‘பிரியதர்சினி’ என்று ஒரு பெட்டி அவளுக்குப் பரிசாக வருகிறது. அதைத் திறந்து பார்த்தால், பார்ப்பவர் மனத்துக்கு மிகப் பிரியமானது எதுவோ அது தெரியும். வீட்டார் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்கிறார்கள். பலராமர் பார்த்தால் தெரிவது அவருடைய செல்லச் சிஷ்யன் துரியோதனன். ரேவதி பார்த்தால் நகை நட்டு, ரத்தினம். சிறுமி பார்த்தால் அபிமன்யு. சிரிப்பும் கேலியுமாகப் போகிற காட்சி. ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் இனி நடக்கப்போகிற சண்டை முழுக்க வந்துவிட்டது, கவனித்தீர்களா? பலராமர் ஏன் ஏமாறுவார், ரேவதி ஏன் மாறுவாள், வத்சலா ஏன் அழுவாள் என்பதற்கெல்லாம் ஒரு வரி வசனம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கிருஷ்ணன் பார்க்கிறான். பெட்டியில் தெரிவது ருக்மிணி அல்ல, சத்தியபாமா அல்ல. சகுனி! பகடையோடு சகுனி. தியேட்டரில் சிரிப்பு வரும் இடம் அது. சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும்: கிருஷ்ணன் நடத்தப்போகிற பாரத நாடகத்துக்குச் சகுனி இல்லாமல் முதல் காட்சியே கிடையாது. அவனுக்கு அதைவிட வேண்டிய ஆள் வேறு யார்? என்.டி. ராமராவ் அந்த இடத்தில் எதையும் விளக்குவதில்லை, ஒரு புன்சிரிப்போடு விட்டுவிடுகிறார்.

இதே மாதிரி இன்னொரு மாயப் பொருள் ‘சத்திய பீடம்’. அதன்மேல் ஏறி நின்றவன் வாயிலிருந்து உண்மைதான் வரும். அது படத்தின் கடைசியில் சகுனியின் காலடிக்கு வருகிறது, இந்தக் கல்யாணத்துக்குத் தான் போட்ட திட்டம் முழுவதையும் அவனே தன் வாயால் கொட்டிவிடுகிறான். நடுவில், லட்சுமண குமாரனோடு நடக்கவிருக்கும் கல்யாணத்தைக் கெடுக்க அபிமன்யுவின் அண்ணன் கடோத்கஜனின் ஆட்கள் எழுப்பும் அந்த மாய விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தை, கம்பளம், கட்டில் எல்லாம் சம்பந்தி வீட்டார் ஆசையோடு கை வைக்கும்வரை சாதுவாகத்தான் இருக்கின்றன. மற்ற மாயப் படங்களில் மந்திரம் என்றால் ஆள் மறையும், பூதம் வரும், அவ்வளவுதான். இந்தப் படத்தில் வருகிற ஒவ்வொரு மாயமும் யாரோ ஒருவர் மறைத்து வைத்திருப்பதை வெளியே இழுத்துப் போடுகிறது. பொய்யை வைத்து மெய்யைப் பிடிக்கிற வேலை. என்னைக் கேட்டால் படம் இத்தனை வருஷம் நிற்பதற்கு லட்டை விட இதுதான் பெரிய காரணம்.

கேள்வி: ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டு உண்மையிலேயே நிலா வெளிச்சத்தில் எடுத்ததா? (திருச்சி வாசகி)

இல்லவே இல்லை. அன்றைய பிலிமை வைத்துக்கொண்டு நிஜ நிலா வெளிச்சத்தில் எடுத்தால் திரையில் கும்மிருட்டுதான் தெரியும். படகு தண்ணீரில் போகிற வெளிப்புறக் காட்சி சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூரில் எடுத்தது, அதுவும் சில விநாடிகள்தான். மிச்சமெல்லாம் ஸ்டூடியோவுக்குள் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி உண்டாக்கிய நிலா. ஆங்கிலோ இந்தியரான இவர் ‘பாதாள பைரவி’, ‘மிஸ்ஸியம்மா’ என்று விஜயா நிறுவனத்தின் படங்களில் தொடர்ந்து வேலை செய்தவர், பிற்பாடு 1965-இல் ‘செம்மீன்’ எடுத்தவரும் இவரே.

அந்தப் பாட்டை மறுபடி பார்க்கும்போது முகங்களைக் கவனியுங்கள். நிழல் இருக்கிறது, ஆனால் கத்தி வெட்டினாற்போல் இல்லை. தண்ணீரில் மினுக்கம் இருக்கிறது, கண்ணைப் பறிக்கவில்லை. கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறம் உண்டோ அத்தனையும் அந்தப் பாட்டில் இருக்கிறது. கண்டசாலாவும் லீலாவும் பாடும் வேகத்துக்குத் தகுந்தபடி படகும் அவசரப்படாமல் போகிறது. காதலர் இருவரைப் படகில் விட்டு எடுத்த பாட்டு நம் சினிமாவில் ஏராளம். இந்த நிலா வேறு எதிலும் கிடைக்கவில்லை எனக்கு.

கேள்வி: சாவித்திரிக்கு இதில் அழுவதையும் ஆடுவதையும் தவிர என்ன வேலை? (நாகர்கோவில் வாசகர்)

ஐயா, படத்தை இடைவேளையோடு நிறுத்திவிட்டீர்களா! பின்பாதியில் அந்தப் பெண் நடிப்பது வத்சலாவாக அல்ல, வத்சலா உருவத்தில் இருக்கும் கடோத்கஜனாக. நிஜ வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஆசிரமத்தில் வைத்துவிட்டு, அவன் அவளாகத் துவாரகையில் உட்கார்ந்திருக்கிறான். சாவித்திரிக்கு மேக்கப் மாறவில்லை, உடை மாறவில்லை. தோளை ஒரு மாதிரி விரிக்கிறார், கால் அகட்டி நடக்கிறார், யாராவது வந்துவிட்டால் சட்டென்று நாணிக் கோணுகிறார், திரும்பியதும் மீசை இருக்கிற நினைப்பில் ஒரு பார்வை. மணவறையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும்போது முகத்தைப் பாருங்கள், குனிந்த தலை குனிந்தபடி இருக்க, உள்ளே ராட்சசன் ரசித்துக்கொண்டிருப்பது தெரியும். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் ஆரம்பம். எந்த மாஸ்க்கும் ஸ்டாப் பிளாக்கும் இல்லாமல் எடுத்த தந்திரக் காட்சி இது ஒன்றுதான்.

கேள்வி: துவாரகை நகரம் செட்டா, ஓவியமா? (புதுச்சேரி வாசகர்)

மினியேச்சர். வடபழனி விஜயா வாஹினி ஸ்டூடியோவில் கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் சேர்ந்து சுமார் 50-க்கு 60 அடி இடத்தில் முந்நூறு குட்டி வீடுகளை வைத்துக் கட்டிய நகரம், வீட்டுக்கு வீடு விளக்கு எரியும்படி. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஆற்காடு ரோடு ஓரமாக மால் நிற்கிறது.

கேள்வி: தெலுங்கு, தமிழ் இரண்டில் எது உசத்தி? (ஓசூர் வாசகி)

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி கேட்டு என்னை அடி வாங்க வைக்கப் பார்க்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தேதான் எடுத்தார்கள். தெலுங்கு 1957 மார்ச்சிலும் தமிழ் ஏப்ரலிலும் வந்தன. கிருஷ்ணன், கடோத்கஜன், நாயகி மூவரும் இரண்டிலும் ஒருவரே. அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். பிங்கலி நாகேந்திர ராவின் தெலுங்கு வசனத்துக்குத் தனி ருசி உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சகுனியாக நம்பியாரும் லட்சுமண குமாரனாகத் தங்கவேலுவும் இருக்கும்போது தமிழை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கேள்வி: கலரில் பார்க்கலாமா? (வேலூர் வாசகர்)

தெலுங்குப் படத்தைத்தான் 2010-இல் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். குழந்தைகள் உட்கார்ந்து பார்க்க அது உதவும் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். பார்ட்லியின் நிலாவுக்கு நீலம் பூசியதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி: ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே, குறையே இல்லையா? (தஞ்சாவூர் வாசகர்)

இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் கடோத்கஜன் வரும்வரை கதை நிதானமாகத்தான் நகர்கிறது. இன்றைய பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். அபிமன்யு பேருக்குத்தான் நாயகன், காதலிப்பதையும் காட்டில் அண்ணன் கடோத்கஜனோடு தெரியாமல் மோதுவதையும் தவிர அவனுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்த கிருஷ்ணன் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நிற்பதால், கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயமும் நமக்கு ஒரு கணம்கூட வருவதில்லை. கே.வி. ரெட்டி இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ‘நடக்குமா’ என்பதில் அவருக்கு அக்கறையில்லை, ‘எப்படி மாட்டிக்கொள்ளப் போகிறார்கள்’ என்பதில்தான். நகைச்சுவைக்கு அது போதும். பதைபதைப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் படம் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கேள்வி: பாவம், அந்த லட்சுமண குமாரன் என்ன தப்பு செய்தான்? (பெயர் வேண்டாம் என்கிறார், ஈரோடு)

ஒரு தப்பும் செய்யவில்லை. கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றான், அவ்வளவுதான். கல்யாணத்தை நிச்சயித்தது அப்பா, திட்டம் போட்டது சகுனி மாமா, மணவறையில் மிதி வாங்கியது மட்டும் இவன். அவன் கண்ணுக்கு மட்டும் பயங்கர உருவமெல்லாம் தெரிந்து அலறினால் பக்கத்தில் இருப்பவர்கள் அவனைத்தான் அதட்டுகிறார்கள். ஈரோட்டு அன்பரே, பெயர் வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று புரிகிறது. உங்கள் கல்யாணக் கதையைத் தனியாக எழுதி அனுப்புங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம்.