எஸ்எஸ்எச் பிரைவேட் கீக்கு பாஸ்ஃபிரேஸ் அவசியமா? எப்படிப்பட்டது வைப்பது?

கட்டாயம் வையுங்கள். எஸ்எஸ்எச் என்பது தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. அதற்குச் சாவியான பிரைவேட் கீ என்பது உங்கள் லேப்டாப்பில் கிடக்கும் ஒரு சின்ன ஃபைல், அவ்வளவுதான். அந்த ஃபைலைப் பூட்டி வைக்கும் நீளமான பாஸ்வேர்டுதான் பாஸ்ஃபிரேஸ். பேக்கப் டிஸ்க் வழியாகவோ, தவறிப்போய் கிட்ஹப்பில் ஏற்றிய ஃபோல்டர் வழியாகவோ அது வெளியே போய்விடலாம். சர்வரில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டால் தடுத்து நிறுத்த வழி உண்டு. கீ ஃபைலுக்கு அந்தக் காவல் இல்லை. எடுத்தவன் தன் மெஷினில் இராப்பகலாகப் போட்டுப் பார்ப்பான், உங்கள் காதுக்கு எதுவும் எட்டாது.

அதனால்தான் நாமே யோசித்து வைக்கும் வாக்கியத்தை நான் நம்புவதில்லை. குறளின் முதல் அடி, பாட்டு வரி, பிள்ளை பெயரோடு பிறந்த வருடம் எல்லாம் முதலிலேயே முயன்று பார்க்கப்படும். பகடை உருட்டுங்கள். 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் வெளியிட்ட டைஸ்வேர் பட்டியலில் 7776 சொற்கள். ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி ஆறு சொல் எடுத்தால் சுமார் 77 பிட் பலம், அதாவது ஊகிப்பவன் முன் 2-இன் 77ஆம் அடுக்கு அளவு சாத்தியங்கள். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள், பலமே அந்தத் தற்செயலில்தான் இருக்கிறது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் 'வாழை'க்கு ஒரு ஏயா, இரண்டு ஏயா என்பதை அன்றே முடிவு செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து விரல் தடுமாறும்.

இன்னொன்று, கீ ஃபைலைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். 'பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ' என்றிருந்தால் பழைய வடிவம். அதில் பாஸ்ஃபிரேஸை எம்டி5 என்னும் வேகமான கணக்கின் ஒரே ஒரு சுற்றில் முடித்துவிடுவார்கள், ஊகிப்பவனுக்குக் கொண்டாட்டம். 'ஓபன்எஸ்எஸ்எச்' என்றிருந்தால் 2014-இல் வந்த புதிய வடிவம், 2018 முதல் அதுவே இயல்பு. பாஸ்ஃபிரேஸ் போட்டிருந்தால் பிகிரிப்ட் (bcrypt) என்னும், வேண்டுமென்றே மெதுவாக ஓடும் கணக்கு ஒவ்வொரு ஊகத்தையும் மெதுவாக்கும். எஸ்எஸ்எச்-கீஜென் (ssh-keygen) கட்டளையை -p சேர்த்து ஓட்டினால் அதே கீக்குப் புது பாஸ்ஃபிரேஸ் வைக்கலாம், வடிவமும் மாறிவிடும்.

தினமும் நீளமாக அடிக்க வேண்டுமே என்று தயங்க வேண்டாம். திறந்த கீயை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்ற புரோகிராமில் ஒருமுறை சேர்த்தால் லாக்-அவுட் ஆகும்வரை போதும்.

கீ ஏற்கெனவே கசிந்திருக்குமோ என்று சந்தேகமா? அப்போது பாஸ்ஃபிரேஸை மாற்றிப் பயனில்லை, அவன் கையில் இருக்கும் காப்பி பழைய பாஸ்ஃபிரேஸுக்கே திறக்கும். புது கீ உருவாக்கி, ஒவ்வொரு சர்வரிலும், நுழைய அனுமதி உள்ள கீகளின் பட்டியலான 'ஆத்தரைஸ்டு கீஸ்' ஃபைலில் இருக்கும் பழைய வரியை இன்றே நீக்குங்கள்.