ஐராவதிப் படகில் ஏறுமுன்: பழைய ஊர்கள், பழைய கோயில்கள் பற்றிக் கேள்வி பதில்

குளிர்காலம் நெருங்கினால் போதும், யாங்கோனில் தமிழரான நம் ஆட்களிடையே ஐராவதி ஆற்றுப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். ஆற்றுப் படகுகளில் வழிகாட்டியாகப் பல வருஷம் ஓடியவன் என்பதால், பூசை முடிந்து வெளியே வரும்போதும் கல்யாணப் பந்தியிலும் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். நின்றபடி சொல்கிற பதில் அரைகுறையாகத்தான் இருக்கும். அதனால் இந்த முறை கேள்விகளை எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டின் நிலைமை உங்களுக்கே தெரியும். கீழே நான் எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும், கிளம்புகிற வாரத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பாதை எப்படி இருக்கிறது என்று கேட்காமல் புறப்படாதீர்கள்.

இன்செயினிலிருந்து ஒரு சகோதரி: அம்மாவுக்கு 68 வயது. எங்களுக்கு நான்கு நாள்தான் லீவு. யாங்கோனிலிருந்தே படகில் போக முடியுமா அண்ணே?

நான்கு நாளில் முடியாதும்மா. கீழிருந்து மாண்டலே வரைக்கும் ஊர் ஊராக நின்று போகிற பயணத்துக்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டும். நீங்கள் மாண்டலேயில் ஏறி பகானில் இறங்குங்கள். ஆற்றோட்டத்தோடு போவதால் வேகமும் கூடும். விடியற்காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் பகான் கரை தெரியும். பகானில் ஏறி மாண்டலே போனால் அதே தூரத்துக்கு அதிக நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு மேல்தட்டு வேண்டாம். வெயில் ஏறியதும் இரும்பெல்லாம் சுடும். கீழ்த்தட்டில் இடதுபக்க சன்னலோரம் கேட்டு வாங்குங்கள். காலை வெயில் படும், ஆனால் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்காது.

மோல்மேனிலிருந்து ஒரு தம்பி: ஐராவதிக் கரையில் எங்கே பார்த்தாலும் பகோடாதானே? பார்க்கிற மாதிரி கிறிஸ்தவக் கோயில்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன தம்பி. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அந்தக் கோயில்கள் எப்படி அங்கே வந்தன என்று கேட்டுக்கொண்டே போனால் ஆற்றின் முழுக்கதையும் வந்துவிடும். சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், சரக்கோடு வந்தவர்கள், படையோடு வந்தவர்கள் என்று எல்லோருக்கும் இந்தத் தண்ணீர்தான் வழி.

படகேறுமுன் யாங்கோனிலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். பொக்யோக் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோலி டிரினிட்டி பேராலயத்தை வரைந்தவர் ராபர்ட் சிஷம். சென்னை செனட் ஹவுஸைக் கட்டியதும் அவர்தான். 1886-இல் டஃபரின் பிரபு அடிக்கல் வைத்தார். ஜப்பானியர் காலத்தில் இதை மது காய்ச்சும் இடமாக்கிவிட்டார்கள். சென்னையில் அந்தச் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்தவர்கள் இதன் முன்னே நின்றால் ஒரே கை என்று புரிந்துகொள்வார்கள். போ ஆங் ஜோ தெருவில் இருக்கும் நம் மரியன்னை பேராலயத்தை வரைந்தவர் நெதர்லாந்துக்காரரான யோஸ் கைப்பர்ஸ். 2017 நவம்பரில் போப் பிரான்சிஸ் இங்கே இளைஞர்களுக்காகப் பூசை வைத்தார். அதே தெருவில் ஆர்மீனியருடைய சின்னக் கோயிலும் இருக்கிறது. அவர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள்.

அடுத்தது தன்லின், அதாவது பழைய சிரியம். பாலத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். அங்கே கூரையில்லாமல் நிற்கிற செங்கல் கோயில் 1750-ஐ ஒட்டி எழுந்தது. கட்டியவர் நெரினி என்ற இத்தாலிய ஆயர். 1756-இல் அலாங்பயா மன்னர் சிரியத்தைப் பிடித்தபோது நெரினியைக் கொன்றுவிட்டார்கள். எஞ்சியது சுவர்கள்தான். அந்தச் செங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். நம் ஊர்ச் செங்கல்லைவிடத் தட்டையாக இருக்கும். இடுக்கில் முளைத்த அரசங்கன்று கல்லை நெருக்கிப் பிளந்து வேரை உள்ளே இறக்கியிருக்கும். நான் கூட்டிப்போகிறவர்களை அங்கே பத்து நிமிஷமாவது பேசாமல் நிற்க வைப்பேன்.

மாண்டலேயில் ஆங்கிலிக்கன் கோயில் ஒன்று உண்டு. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர் பௌத்த மன்னரான மிண்டோன். மார்க்ஸ் என்ற பாதிரியாருக்காக இதையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் அவர் கட்டித் தந்தார். ஞானஸ்நானத் தொட்டியை விக்டோரியா ராணி அனுப்பினார். கடைசி மன்னர் தீபா சின்ன வயதில் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். பிறகு அவரை நாடு கடத்தியதும் அதே விக்டோரியாவின் ஆட்சிதான். இந்த இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

யாங்கோனிலிருந்து ஒரு பங்குப் பேரவை உறுப்பினர்: போர்த்துக்கீசியர் வம்சத்தார் வாழும் பயிஞ்ஜி கிராமங்களுக்குக் குழுவாகப் போகலாமா ஐயா?

இப்போது வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிரியத்தை ஆண்ட போர்த்துக்கீசியர் பிலிப் டி பிரிட்டோவை 1613-இல் அனௌக்பெட்லுன் மன்னர் பிடித்துக் கொன்றார். அவருடைய ஆட்களைக் குடும்பத்தோடு ஆற்றின் மேற்பகுதிக்குக் கொண்டுபோனார்கள். சிந்த்வினுக்கும் மூ நதிக்கும் இடையிலுள்ள சமவெளியில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். 1756-இல் இன்னொரு கூட்டமும் அவர்களோடு சேர்ந்தது. புதுச்சேரியிலிருந்து சிரியத்துக்கு உதவியாக வந்த பிரெஞ்சுக் கப்பலை அலாங்பயா பிடித்து, அதிலிருந்தவர்களைத் தன் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார். நம் புதுச்சேரித் துறையில் பாய் விரித்த கப்பல் அது! நானூறு வருஷமாகப் பர்மிய மொழி பேசி, பர்மிய உடை உடுத்தி, விசுவாசத்தை மட்டும் விடாமல் அந்த மக்கள் வாழ்ந்து வருகிறார்கள்.

அந்தக் கிராமங்களில் ஒன்று சான் தா. அங்கிருந்த விண்ணேற்பு மாதா கோயில் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. 2023 ஜனவரியில் ராணுவம் ஊருக்குத் தீ வைத்தபோது கோயிலும் எரிந்துபோனது. அங்கே உள்ளவர்கள் இன்று இருப்பது வேடிக்கை பார்க்கப் போகிற நிலையில் அல்ல. உதவி செய்ய நினைத்தால் மாண்டலே மறைமாவட்டத்தின் வழியாகச் செய்யுங்கள்.

பாதெயினிலிருந்து ஓர் அக்கா: பூகம்பத்துக்குப் பிறகு ஆவாவிலும் மிங்குனிலும் பார்க்க என்ன இருக்கிறது?

2025 மார்ச் 28-ஆம் தேதி வந்த அந்த 7.7 அளவு பூகம்பத்தில், மாண்டலே பக்கத்துப் பழைய தலைநகரான ஆவாவுக்கு விழுந்த அடி பெரிது. 1934-இல் திறந்த பழைய ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. மே நு ராணி கட்டிய செங்கல் மடாலயம் இடிந்தது. பழைய படங்களை வைத்துக்கொண்டு போகாதீர்கள். மனசு உடைந்து திரும்புவீர்கள்.

ஆனால் ஆவாவில் என்னை இழுப்பது கட்டடம் இல்லை அக்கா. 1824-இல் முதல் ஆங்கில-பர்மியப் போர் தொடங்கியதும், அமெரிக்கப் போதகர் அடோனிராம் ஜட்சனை உளவாளி என்று சொல்லி ஆவாவில் மரணச் சிறையில் போட்டார்கள். பர்மிய மொழியில் அவர் எழுதிவந்த வேதாகமக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கெட்டியான, அசிங்கமான தலையணை அது. அந்தக் காகிதம் தப்பியது. 1834-இல் ஜட்சன் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். வயல்நடுவே அந்தச் சிறை இருந்த இடத்தில் நின்று இதைச் சொல்லும்போது, என் குழுவில் சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போட்டதில்லை.

மிங்குனுக்குப் பூகம்பம் புதிதல்ல. போதோபயா மன்னர் 1790-இல் தொடங்கி முடிக்காமல் விட்ட பகோடாவான அந்தச் செங்கல் மலை 1839-இலேயே பிளந்தது. 90 டன் எடையுள்ள மணியும் அப்போது தூணை விட்டு இறங்கியது. ஐராவதிக் கப்பல் கம்பெனிக்காரர்கள் 1896-இல் அதை மறுபடி தூக்கிக் கட்டினார்கள்.

மாண்டலேயிலிருந்து ஒரு மாணவி: எந்த மாதம் நல்லது? போன மார்ச்சில் படகு மணலில் தட்டி மூன்று மணி நேரம் நின்றுவிட்டது.

நவம்பர் முதல் பிப்ரவரி பாதி வரை. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் வற்றி மணல்திட்டுகள் எழும்பும். போன வாரம் ஓடிய தடம் இந்த வாரம் இருக்காது. மழைக்காலத்தில் ஆழம் இருக்கும், ஆனால் ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கும், கரையில் இறங்கினால் முழங்கால் சேறு.

தண்ணீர் குறைந்த நாளில் படகின் முன்மூக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், அளவுக்கு அளவு சாயம் பூசிய மூங்கில் கழியோடு நிற்பார்கள். கழியைக் குத்தி, நனைந்த இடத்தைப் பார்த்து, ஆழத்தை ராகமாகக் கூவுவார்கள். மேலே சுக்கான் பிடிப்பவர் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கமாட்டார், காது மட்டும் அந்தக் குரலில் இருக்கும். குரல் இழுத்து வந்தால் ஆழம், வெட்டி வெட்டி வந்தால் மணல். நான் ஓடிய படகுகளில் அப்படித்தான். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். கைபேசியைக் கொஞ்ச நேரம் மறப்பார்கள்.

பாகோவிலிருந்து ஒரு பெரியவர்: நாங்கள் முருக பக்தர்கள். பகானில் நமக்கென்று ஏதாவது உண்டா தம்பி?

உண்டு ஐயா. இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும், நம்மில் பலருக்கு இது தெரியாது.

பகானில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மேலே சமஸ்கிருதச் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளக் கரையிலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், இங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். பகானுக்கு அதில் ‘புக்கம்’ என்று பெயர். நானாதேசி என்றால் பல தேசங்களுக்கும் போய் வியாபாரம் செய்த வணிகர் கூட்டம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வருவதற்கு அறுநூறு வருஷம் முன்னே நம்மவர் இந்த ஆற்றில் ஏறி வந்து விளக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்றும் பழைய பகானின் மதிலுக்குள் நத்லாங் என்ற விஷ்ணு கோயில் நிற்கிறது. கல்வெட்டில் வருவது இதே கோயில்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஆனால் போய்ப் பாருங்கள். சின்னக் கோயில், சுற்றிலும் புத்தர் கோயில்கள். ஆனந்தா கோயிலில் கூட்டம் நெரியும் நேரத்தில் இங்கே ஆளே இருக்காது. முருகன் இல்லை ஐயா, மாமன் இருக்கிறார்.

தாம்வேயிலிருந்து ஒரு சகோதரர்: போன தடவை ஒரு வழிகாட்டி ஒரே மதியத்தில் எங்களை எட்டு இடத்துக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்தால் எது எது என்று நினைவில்லை.

உங்கள் மேல் தப்பில்லை. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முதலாளி கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் ஓட்டினேன். ஒரு பாட்டி படியில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, இதைக் கட்டினவன் பெயராவது சொல்லு, மற்றதை விட்டுடு” என்றார். அன்றிலிருந்து மதியத்துக்கு இரண்டு இடம்தான். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி: யார் கட்டினது, எந்த வழியாக வந்தார், பிறகு அவருக்கு என்ன ஆனது. வழிகாட்டிக்குத் தெரியாவிட்டால் அங்கே பூ விற்கிற அம்மாவிடம் கேளுங்கள்.

தன்லினிலிருந்து ஒரு தம்பி: மாண்டலேக்குக் கீழே, பகானையும் தாண்டி, இறங்கத் தக்க இடம்?

மின்லா. கரையோரம் சிவப்புச் செங்கல் கோட்டை, இத்தாலியர் வடிவமைத்தது. 1885 நவம்பர் 17-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் மாண்டலேயும் விழுந்தது. ஏறி வந்த படையில் மதராஸ் பட்டாளத்தாரும் இருந்தார்கள். நம்மில் சில குடும்பங்களுக்கு அந்தப் பட்டாளம்தான் பர்மாவுக்கு வந்த வழி. கோட்டை மேலிருந்து ஆற்றைப் பாருங்கள், ஏன் அங்கே கட்டினார்கள் என்று யாரும் சொல்லாமலே விளங்கும். இன்னும் கீழே ப்யே ஊரருகே ஸ்ரீக்ஷேத்ரா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். அதற்கு ஒரு நாள் முழுசாக வேண்டும்.

அமரபுராவிலிருந்து ஒரு சகோதரி: செருப்பு, உடை?

பகோடா எல்லைக்குள் செருப்போடு காலுறையும் கழற்ற வேண்டும், இடிபாடாக இருந்தாலும். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். லோஞ்சி கட்டினால் கவலையே இல்லை. மத்தியானக் கல் சுடும், காலையில் போங்கள்.

இன்செயின் சகோதரியே மறுபடியும்: வார நாளில் கோயில் பூட்டியிருந்தால் என்ன செய்வது அண்ணே?

திரும்பி வந்துவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள், உபதேசியார் வீடு பெரும்பாலும் அங்கேதான். ஒருமுறை மாண்டலே பக்கம் அப்படிக் கதவைத் தட்டினேன். முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு கிழவி, தேங்காய்த் துருவியை அப்படியே வைத்துவிட்டு, ஒரு கட்டைத் துண்டில் கட்டிய சாவியை எடுத்துவந்தார். நாங்கள் தமிழர் என்றதும் “அருள் நிறைந்த மரியே” என்று தமிழில் பாதி சொல்லி நிறுத்தினார். மீதி மறந்துவிட்டதாம். அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்ததாம். உங்கள் அம்மாவையும் கூட்டிப்போகிறீர்கள் அல்லவா, அவரையே கதவைத் தட்டச் சொல்லுங்கள். சாவி கொண்டுவருகிறவருக்குக் கொடுக்க யாங்கோனிலிருந்து ஒரு கட்டு மெழுகுதிரி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.