மெட்டாடேட்டா பணி: மகளின் தேர்வு குறித்து ஒரு பெற்றோருக்குப் பதில்

நூலக, தகவல் அறிவியலில் முதுகலைப் படிப்பை முடிக்கவிருக்கும் தங்கள் மகள் மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய தகவல்) சார்ந்த வேலைக்குப் போக விரும்புகிறார் என்றும், அது டேட்டா என்ட்ரிக்குச் சூட்டிய புதுப்பெயராக இருக்குமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. சில நிறுவனங்கள் இந்தப் பணியை அந்த அளவிலேயே வைத்திருக்கின்றன. ஆனால் டேட்டா என்ட்ரியில் இருப்பவர் கட்டத்தை நிரப்புகிறார். மெட்டாடேட்டா பணியில் இருப்பவரோ அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், அதில் எந்த மதிப்புகள் வரலாம், அதன் பொருளுக்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தீர்மானித்து, பிறர் தேடி எடுக்கும்படி எழுதி வைக்கிறார்.

ஒரு ஸ்கீமாவில், அதாவது தரவுத்தளத்தின் கட்டமைப்பில், 'நிலை' என்று ஒரு நெடுவரிசை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1, 2, 3, 9 என்ற எண்கள் மட்டுமே இருக்கின்றன. விற்பனைப் பிரிவின் அட்டவணையில் அது ஆர்டரின் நிலை. கணக்குப் பிரிவின் அட்டவணையில் அதே பெயர் பணம் வந்துசேர்ந்த நிலையைக் குறிக்கிறது. 9 என்பது 'தகவல் இல்லை' என்பதற்காக யாரோ எப்போதோ வைத்த குறி. இவை எதுவும் எங்கும் எழுதப்படவில்லை என்றால், இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் மூன்றாவது நபர் 9-ஐயும் ஓர் அளவாகவே எண்ணிச் சராசரி எடுத்துவிடுவார். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது, அறிக்கையும் அழகாகவே வரும். தவறு வெளிப்படும்போது அதை நம்பி எடுத்த முடிவுகள் நடைமுறைக்கு வந்திருக்கும்.

இதைத் தடுப்பதற்கான பெயரிடும் நெறிகளை ஐஎஸ்ஓ 11179 என்ற தரநிலை வகுத்திருக்கிறது. எதைப் பற்றிய தகவல், அதன் எந்தப் பண்பு, எந்த வடிவத்தில் என்ற மூன்றும் ஒரு தரவு உறுப்பின் பெயரில் தெரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 'தேதி' என்று மட்டும் வைப்பதைவிட 'மாணவர் பிறந்த தேதி' என்று வைப்பது நீளம்தான் என்றாலும் யாரையும் கேட்காமல் புரியும். மதிப்பை எழுதும் முறை தனி விஷயம்: 03/04/2025 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4; தேதி எழுதும் முறைக்கான ஐஎஸ்ஓ 8601 தரநிலை சொல்கிறபடி 2025-04-03 என்று எழுதினால் அந்தக் குழப்பம் எழாது.

பெயரில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். பிரிவின் பெயர், மென்பொருளின் பெயர், 'புதியது', 'இறுதி' போன்ற மாறக்கூடிய எதையும் பெயரில் வைக்காமல் விளக்கப் பகுதியில் எழுத வேண்டும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. 'இறுதி' என்று பெயரிட்ட கோப்புக்குப் பிறகு இன்னொரு கோப்பு வராமல் இருந்ததில்லை. பெயரைப் பயன்படுத்தும் கருவியையும் கருத்தில் கொள்ள வேண்டும். விரிதாள் மென்பொருள்கள் 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுக் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிவிட்டதால், மனித மரபணுக்களின் பெயர்களை முறைப்படுத்தும் குழு அவற்றை 'மார்ச்எஃப்1', 'செப்டின்1' என்று மாற்றியது. 2020-இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இந்தக் காரணம் இடம்பெற்றிருக்கிறது. பெயரிடுவது அற்ப வேலை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக்காட்டலாம்.

தங்கள் மகளின் படிப்பு இதற்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். மிகவும் பொருந்தும். 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய பயிலரங்கிலிருந்து உருவான டப்ளின் கோர் என்ற மெட்டாடேட்டா தரநிலை தலைப்பு, படைப்பாளர், பொருள், விளக்கம், உரிமை உள்ளிட்ட 15 கூறுகளைக் கொண்டது. நூல் பட்டியலிடக் கற்றவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. தரவுக் கேட்டலாக்குகளுக்காக (தரவுத்தொகுப்புகளின் பட்டியல்களுக்காக) இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014-இல் பரிந்துரைத்து, 2024-இல் மூன்றாம் பதிப்பாக வெளியிட்ட டிகேட் என்ற தரநிலை அதற்கு அடுத்த படி. அதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே மழைப்பொழிவுத் தரவு சிஎஸ்வி, ஜேசன் என்ற இரண்டு கோப்பு வடிவங்களில் கிடைத்தால், அது ஒரு தரவுத்தொகுப்பு, இரண்டு வழங்கல் வடிவங்கள். இரண்டு தனித் தரவுத்தொகுப்புகளாகப் பதிவுசெய்தால் தேடுபவருக்கு இரட்டை முடிவுகள் வரும். ஒன்றைத் திருத்தியவர் மற்றதை மறந்துவிடுவார்.

படிப்பில் குறையாக இருக்கக்கூடியது தொழில்நுட்பப் பகுதி. தரவுத்தளங்களிலிருந்து தரவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழி ஓரளவு, ஜேசன் கோப்புகளின் அமைப்பை வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமா நன்றாக வேண்டும். சான்றிதழ்களில், தரவு மேலாண்மைத் துறையினரின் சங்கமான டாமா இன்டர்நேஷனல் நடத்தும் சிடிஎம்பி அறியப்பட்டது என்றாலும், முதல் வேலைக்கு அதைவிட ஒரு மாதிரிப் பணி அதிகம் உதவும் என்பது என் கருத்து. பொதுவெளியில் கிடைக்கும் ஒரு தரவுத்தொகுப்பை எடுத்து, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வரையறை, அலகு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள், விடுபட்ட மதிப்பின் குறி ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். சில நாட்களில் சலித்துப்போனால் இந்தத் துறை அவருக்கு உகந்ததல்ல. 'இந்த அளவை எந்தக் கருவியால் எடுத்தார்கள்?' என்று அவராகவே தேடத் தொடங்கினால் தயங்காமல் அனுப்பலாம்.

வேலை தேடும்போது 'மெட்டாடேட்டா' என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். டேட்டா ஸ்டீவர்ட் (தரவுப் பொறுப்பாளர்), டேட்டா கவர்னன்ஸ் அனலிஸ்ட் (தரவு ஆளுகை ஆய்வாளர்), டாக்சானமிஸ்ட் (வகைப்பாட்டாளர்) என்ற பதவிகளிலும் இதே பணி இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நெடுவரிசைகளுக்கான விளக்கங்களை இப்போதே எழுதுகின்றன. எனவே விளக்கம் எழுதுவதோடு நிற்கும் பதவிகள் குறையும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் இரண்டு பிரிவுகள் ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்தும்போது அவர்களை உட்கார வைத்துப் பேசி ஒரு வரையறைக்குக் கொண்டுவருவதற்கு ஆள் வேண்டும். ஆகவே பேச்சுத் திறனும் பொறுமையும் இங்கே தகுதிகள்தாம்.

நேர்காணலில் அவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: 'ஒரு நெடுவரிசையின் பெயரையோ வரையறையையோ மாற்ற வேண்டுமானால் இங்கே யார் ஒப்புதல் தருவார்?' ஒரு பொறுப்பாளரையும், மாற்றங்களைப் பதிவுசெய்யும் முறையையும் சொன்னால் அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். 'அதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, நிரப்பினால் போதும்' என்று பதில் வந்தால், அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை தங்கள் அச்சம் சரியானதே. அந்த வேலையை ஏற்பதா என்பதைச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யலாம்.